பேசறதுக்கு முன்னாடி யோசின்னு சொல்றாங்க, சரி, எப்போ யோசிக்கறது?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமா இதுதான். வேலைக்கு சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு, வேலைல குறை ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டு அப்ரைசல்லயும் மேனேஜர் அதே வரிய சொல்லிட்டாரு: "பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க". மீட்டிங்ல பட்டுனு ஏதாவது சொல்லிடறாராம், அப்புறம் ராத்திரி படுத்துக்கிட்டு ஏன்டா அத சொன்னோம்னு புரண்டு புரண்டு படுக்கறாராம். சரி யோசிச்சே பேசுவோம்னு பாத்தா, யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பேச்சு வேற எங்கயோ போயிடுதாம். என்னதான் பண்றது?

நான் 18 வருஷமா க்ளையன்ட் கால், ரிவ்யூ, எஸ்கலேஷன்னு பேசியே பொழப்ப ஓட்டறவன். அதுல முதல் ஏழெட்டு வருஷம் வாய கொடுத்து வாங்கி கட்டிக்கிட்டதுதான் அதிகம். அதனால உங்க மேனேஜர் சொன்ன அறிவுரை தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா பாதி அறிவுரைதான் அது. யோசின்னு சொல்றாங்க, எப்போ யோசிக்கறது, எத யோசிக்கறதுன்னு யாரும் சொல்றதில்ல. அந்த ரெண்டும் தெரியாம யோசிக்க ஆரம்பிச்சா நீங்க சொன்னதுதான் நடக்கும், வாய் அடைச்சுக்கும், அவ்ளோதான்.

முதல்ல ஒரு விஷயத்த ஒத்துக்கணும். பேசற நேரத்துல யோசிக்க நேரமே கிடையாது. இது ஏதோ உங்க பலவீனம் இல்ல, மனுஷன் பேசற விதமே அப்படித்தான். 2009ல பத்து மொழிகள்ல நடக்கற சாதாரண உரையாடல்கள எடுத்து, ஒருத்தர் கேள்வி கேட்டு முடிச்சதுக்கும் இன்னொருத்தர் பதில் ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு அளந்து பாத்திருக்காங்க. சராசரியா 200 மில்லிசெகண்ட் பக்கம் வந்துச்சு, அதாவது ஒரு செகண்ட்ல அஞ்சுல ஒரு பங்கு. மொழிக்கு மொழி கொஞ்சம் கூட குறைய இருந்தாலும் எல்லாம் இந்த அளவ சுத்தித்தான். ஆனா ஒரு படத்த காட்டி இது என்னன்னு கேட்டா, அதுக்கான ஒத்த வார்த்தைய மூளை தேடி எடுத்து வாய்க்கு கொண்டு வரவே ஏறக்குறைய 600 மில்லிசெகண்ட் ஆகும். இப்போ கணக்கு போட்டு பாருங்க, 600 ஆகற வேலைய 200ல எப்படி முடிக்கறோம்? ஒரே வழிதான், எதிர்ல இருக்கறவர் பேசிக்கிட்டு இருக்கும்போதே நாம பதில தயார் பண்ண ஆரம்பிச்சிடறோம். அவர் வாக்கியத்தோட கடைசி பாதி நம்ம காதுல விழுது, ஆனா நம்ம மூளை அப்போ நம்ம பதில்ல இருக்கு.

தமிழ்ல இதுல இன்னொரு சிக்கல் வேற இருக்கு, நம்ம வாக்கியத்துல வினைச்சொல் கடைசிலதான் வரும். "அந்த ரிப்போர்ட்ட புதன்கிழமைக்குள்ள முடிக்க..." வரைக்கும் கேட்டுட்டு நாம பதில ரெடி பண்ணிட்டோம்னா, அடுத்து வர்றது "முடியுமா"வா, "வேண்டாம்"ஆ, "முடியலன்னா சொல்லுங்க"வான்னே தெரியாம பதில் சொல்ற ஆளா ஆயிடுவோம். சிரிக்காதீங்க, நான் பண்ணியிருக்கேன்.

என் கதை ஒண்ணு சொல்றேன். ஒரு வியாழக்கிழமை கால். க்ளையன்ட் பக்கத்துல இருந்த லீட் கேட்டாரு, இந்த ரிப்போர்ட்ல ஒரு காலம் (டேபிள்ல ஒரு நெடுவரிசை) சேர்க்கணும், வர்ற புதன்கிழமைக்குள்ள முடியுமான்னு. நான் உடனே "ம், பண்ணிடலாம்". அர செகண்ட் கூட ஆகல. என் மனசுல அது ஒரு காலம், ஒரு மணி நேர வேலை. பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணுதான் அந்த ரிப்போர்ட்ட எழுதினது, அவ மெதுவா கைய நீட்டி ம்யூட்ட அழுத்தினா. "அண்ணா, அந்த காலத்துக்கு டேட்டா மூணு இடத்துல இருந்து வரணும், அதுல ஒண்ணு நம்ம கைலயே இல்ல"ன்னா. அதுக்குள்ள அந்த பக்கம் "கிரேட், நான் மேல சொல்லிடறேன்"னு சொல்லிட்டு அடுத்த பாயின்ட்டுக்கு போயாச்சு. நானும் ம்யூட்ட எடுத்துட்டு திருத்தல, அதுதான் ரெண்டாவது தப்பு, அத கடைசில பேசறேன். அந்த பொண்ணு சனி ஞாயிறு ரெண்டு நாளும் வந்து வேலை பாத்தா, வெள்ளிக்கிழமை கொடுத்தோம், ரெண்டு நாள் லேட்டுன்னு கணக்காச்சு. அன்னைக்கு நான் "கேட்டுட்டு சொல்றேன்"னு சொல்லி சாயங்காலம் "வெள்ளிக்கிழமை"ன்னு ஒரு மெயில் போட்டிருந்தா, அதே வெள்ளிக்கிழமை, அதே ரிப்போர்ட், சொன்ன நேரத்துல கொடுத்த டீம்னு பேர் வந்திருக்கும். யாரும் சனி ஞாயிறு வந்திருக்க வேண்டியதும் இல்ல. வேலைல ஒரு மாத்தமும் இல்ல, என் வாய்ல இருந்து வந்த ஒத்த வார்த்தைல எல்லாம் மாறிப்போச்சு.

இதுல இருந்து நான் கத்துக்கிட்டது, அந்த 200 மில்லிசெகண்ட்ல புத்திசாலித்தனமா யோசிக்க முயற்சி பண்ணாதீங்க, அது ஆகாது. அந்த இடத்துல சொல்றதுக்குன்னு ஒரு வாக்கியத்த முன்னாடியே தயாரா வெச்சுக்கோங்க. வாய் பழக்கத்துல "பண்ணிடலாம்"னு வர்ற மாதிரி இதுவும் பழக்கத்துல வரணும். என்னோடது இது: "அத செய்யறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இன்னைக்கு நாலு மணிக்குள்ள சொல்றேன்". இதுல முக்கியமானது நாலு மணி. நேரம் சொல்லாம "பாத்துட்டு சொல்றேன்"னு விட்டீங்கன்னா அது நம்ம ஊரு "பாக்கலாம்" மாதிரி, ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல, கேக்கறவர் தனக்கு புடிச்சத எடுத்துக்குவாரு. நாலு மணின்னு சொன்னா நாலு மணிக்கு சொல்லியே ஆகணும், பதில் கிடைக்கலன்னா "இன்னும் பதில் வரல, நாளைக்கு காலைல பத்துக்கு"ன்னாவது சொல்லணும். ரெண்டு தடவ அப்படி சொன்னா போதும், நீங்க டைம் கேக்கும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.

இன்னொரு வழி, கேட்டத திருப்பி சொல்றது. "அப்போ புதன்கிழமைன்னா எல்லா ரீஜியனுக்குமா, இல்ல முதல் ரீஜியன் மட்டும் போதுமா?" இது டைம் வாங்கற தந்திரம் மாதிரி தெரியும், ஆனா பாதி நேரம் இந்த கேள்விலயே பிரச்சனை கரைஞ்சிடும், ஏன்னா கேட்டவருக்கே அவர் என்ன கேக்கறாருன்னு அப்போதான் தெளிவாகும்.

திருப்பி சொல்றத பத்தி சொல்லும்போது விமானிகள பத்தி சொல்லாம இருக்க முடியாது. வேலை இடத்து பேச்சுல ரொம்ப அடிபட்டு கத்துக்கிட்டவங்க அவங்கதான். 1977 மார்ச் 27ல டெனரீஃப் தீவு ஏர்போர்ட்ல, மூடுபனில ரெண்டு 747 விமானம் ரன்வேலயே மோதி 583 பேர் செத்தாங்க. கேஎல்எம்ங்கற டச்சு கம்பெனியோட விமானம் ரன்வே கடைசில நின்னுச்சு, டவர்ல இருந்து விமானங்களுக்கு வழி சொல்ற கன்ட்ரோலர் அவங்களுக்கு பறந்த பிறகு எந்த ரூட்ல போகணும்னுதான் அனுமதி கொடுத்தாரு, ஆனா அந்த செய்திக்குள்ள "டேக்-ஆஃப்"ங்கற வார்த்தை இருந்துச்சு. விமானி பதிலுக்கு கிளம்பறோம்ங்கற அர்த்தம் வர்ற மாதிரி ஒண்ணு சொன்னாரு. கன்ட்ரோலர் "ஓகே"ன்னு ஆரம்பிச்சு, கொஞ்சம் விட்டு, "காத்திருங்க, நான் கூப்பிடறேன்"னாரு. அதே நொடி ரன்வேல இருந்த இன்னொரு விமானமும், அமெரிக்காவோட பான் ஆம், ரேடியோல பேச, ரெண்டு பேச்சும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கீச்சுனு ஒரு சத்தம். கேஎல்எம் காக்பிட்ல தெளிவா கேட்டது அந்த "ஓகே" மட்டும்தான். அதுக்கப்புறம் வந்த விதி என்னன்னா, "டேக்-ஆஃப்"ங்கற வார்த்தைய நிஜமாவே கிளம்பறதுக்கு அனுமதி கொடுக்கும்போதும் அத ரத்து பண்ணும்போதும் மட்டும்தான் சொல்லணும், மத்த எல்லா இடத்துலயும் "டிபார்ச்சர்". அனுமதிய வெறும் "ஓகே", "ராஜர்" (ரேடியோ பாஷைல "கேட்டுச்சு")னு ஏத்துக்கக்கூடாது, முக்கியமான பகுதிய அப்படியே திருப்பி சொல்லணும்.

நம்ம மீட்டிங்ல யாரும் சாகப்போறதில்ல, சரி. ஆனா "ஓகே" பிரச்சனை அப்படியே இருக்கு. நீங்க "ஓகே"ன்னு சொன்னா அது "நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு"வா, "ஒத்துக்கறேன்"ஆ, "நான் செய்யறேன்"ஆ? மூணும் வேற வேற. இன்னைக்கு சாயங்காலம் உங்க சேட் எடுத்து நீங்க எத்தன "ஓகே" போட்டிருக்கீங்கன்னு பாருங்க, அதுல எத்தனைய எதிராளி "செய்யறேன்"னு எடுத்துக்கிட்டிருப்பாருன்னும் பாருங்க.

சரி, எப்போ யோசிக்கறதுங்கறதுக்கு பதில் வந்துடுச்சு, ஒண்ணு பேசறதுக்கு ரொம்ப முன்னாடி, இல்ல டைம் வாங்கிட்டு பின்னாடி. இப்போ எத யோசிக்கறது? இணையத்துல தேடினா, சொல்லப்போறது உண்மையா, அன்பானதா, அவசியமான்னு மூணு கேள்வி கேட்டுக்கோன்னு போடுவாங்க. சுவத்துல மாட்டறதுக்கு நல்லா இருக்கும். வேலை இடத்துல எனக்கு உதவினது ஒரே கேள்வி, இத கேட்டதும் அவர் என்ன செய்வாரு? என்ன நினைப்பாரு இல்ல, என்ன செய்வாரு.

காலைல ஸ்டாண்ட்-அப்ல, அதாவது டீம் தினமும் கூடற சின்ன மீட்டிங்ல, ஒருத்தர் "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு"ங்கறாரு. பொய் இல்ல. கோட் எழுதியாச்சு, ரிவ்யூ பாக்கி, டெஸ்ட் டேட்டா இன்னொரு டீம்ல இருந்து வரணும். ஆனா அத கேட்ட டெஸ்டர் என்ன செஞ்சாரு? மத்தியானம் வேற வேலை எடுக்காம காலி பண்ணி வெச்சுக்கிட்டாரு. மேனேஜர் என்ன செஞ்சாரு? பதினொரு மணி கால்ல "இன்னைக்கு டெஸ்டிங் போகுது"ன்னுட்டாரு. மூணு மணிக்கு டெஸ்டர் சும்மா உக்காந்திருக்காரு, மேனேஜர் முகம் செவந்திருக்கு, நம்ம ஆளுக்கு ஏன்னே புரியல, "நான் முடிஞ்சுதுன்னு சொல்லவே இல்லையே"ங்கறாரு. ஆமா சொல்லல. "எழுதி முடிச்சாச்சு, ரிவ்யூ பாக்கி, டேட்டா வரல, இன்னைக்கு டெஸ்டிங்குக்கு வராது"ன்னு சொல்ல கூடுதலா நாலு செகண்ட்தான் ஆகியிருக்கும். "பாத்துக்கறேன்", "ட்ரை பண்றேன்", "சின்ன இஷ்யூதான்", "சீக்கிரம் அனுப்பிடறேன்" எல்லாம் இதே ஜாதி. சொல்றவருக்கு ஒரு அர்த்தம், கேக்கறவருக்கு ஒரு அர்த்தம்.

இதுக்கு இன்னொரு விமான கதைதான் என் மனசுல எப்பவும் ஓடும். 1990 ஜனவரி 25, அவியான்கா 52, கொலம்பியால இருந்து நியூயார்க் போன விமானம். அங்க வானிலை மோசம், டிராஃபிக் அதிகம், ஒரு மணி நேரத்துக்கும் மேல வானத்துலயே சுத்த விட்டுட்டாங்க, எரிபொருள் தீர்ந்துக்கிட்டு இருக்கு. முதல் முயற்சில இறங்க முடியாம மேல ஏறினதும் கேப்டன் துணை விமானிகிட்ட எமர்ஜென்சின்னு சொல்லச் சொல்றாரு. துணை விமானி கன்ட்ரோலர்கிட்ட சொன்னது எரிபொருள் தீர்ந்துக்கிட்டு இருக்குன்னு மட்டும். கேப்டன் சொல்லிட்டியான்னு கேக்க, சொல்லிட்டேன் சார்ங்கறாரு. அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான், எரிபொருள் தீருதுன்னா அத விட என்ன எமர்ஜென்சி? ஆனா கன்ட்ரோலர் காதுல "எமர்ஜென்சி"ங்கற வார்த்தை விழுந்தாதான் மத்த விமானத்த எல்லாம் ஒதுக்கிட்டு இவங்களுக்கு வழி விடுவாங்க, அந்த வார்த்தை வரவே இல்ல. விமானம் எரிபொருள் இல்லாம விழுந்துச்சு, 158 பேர்ல 73 பேர் இறந்தாங்க. சொன்ன வாக்கியம் முழுக்க உண்மை. கேட்டவர் அத வெச்சு என்ன செய்யணும்ங்கறதுதான் அதுல இல்ல.

நமக்குள்ள இருக்கறது அவங்களுக்கும் கேக்குதுன்னு நினைக்கறது மனுஷ இயல்பு. 1990ல ஸ்டான்ஃபோர்ட்ல ஒரு முனைவர் பட்ட ஆய்வுல, ஒருத்தர் எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்ட மனசுல பாடிக்கிட்டே மேஜைல தாளம் மட்டும் தட்டணும், எதிர்ல இருக்கறவர் என்ன பாட்டுன்னு கண்டுபுடிக்கணும். தட்டினவங்க பாதிக்கு பாதி கண்டுபுடிச்சிடுவாங்கன்னு நினைச்சாங்க. 120 பாட்டுல கண்டுபுடிச்சது 3. தட்டறவன் தலைக்குள்ள மெட்டு, வாத்தியம் எல்லாம் ஓடுது, கேக்கறவனுக்கு வெறும் டொக் டொக். நீங்க ஒரு ப்ராஜெக்ட்ல ஆறு மாசமா மூழ்கி இருந்துட்டு வேற டீம்கிட்ட ரெண்டு வரில விளக்கும்போதும் அவங்களுக்கு டொக் டொக்தான்.

எழுத்துல இது இன்னும் மோசம். 2005ல வந்த ஒரு ஆய்வுல, மெயில்ல சீரியஸா எழுதினதையும் கிண்டலா எழுதினதையும் படிக்கறவங்க பிரிச்சு பாத்துடுவாங்களான்னு பாத்தாங்க. எழுதினவங்க 78 சதவீதம் சரியா புரிஞ்சுக்குவாங்கன்னு நம்பினாங்க, நடந்தது 56. காச சுண்டி விட்டாலே 50 வரும். அதனால சேட்ல கிண்டல் பண்றத நான் ஏறக்குறைய விட்டுட்டேன், ரொம்ப பழகினவங்க தவிர. எழுத்துக்கு ஒரு நல்லதும் இருக்கு, அங்க 200 மில்லிசெகண்ட் அவசரம் கிடையாது, நாமதான் இருக்கற மாதிரி நினைச்சுக்கறோம். ஜிமெயில்ல அனுப்பினத நிறுத்தற நேரம் சாதாரணமா 5 செகண்ட்தான் இருக்கும், செட்டிங்ஸ்ல போய் 30 ஆக்கிடுங்க. எனக்கு அந்த 30 செகண்ட் எத்தன தடவ மானத்த காப்பாத்தியிருக்குன்னு கணக்கு இல்ல, அனுப்புன்னு அழுத்தின உடனேதான் கண்ணு திறக்குது, அது என்ன மாயமோ. கோவமா எழுதும்போது முகவரி பெட்டிய காலியா வெச்சுட்டு எழுதுங்க, கை தவறிக்கூட போகாது.

கோவம்னு வந்ததும் நம்ம மொழியோட ஒரு குணத்த சொல்லணும். ஆங்கிலத்துல இருக்கற அறிவுரை எல்லாம் எந்த வார்த்தைய சொல்லாதன்னு சொல்லும், தமிழ்ல குத்தற முள்ளு வார்த்தைல இல்ல, ஒட்டுல இருக்கு. "நான் அன்னைக்கு சொன்னேன்", இது தகவல். "நான் அன்னைக்கே சொன்னேன்", இது குத்து. ஒரு ஏகாரம்தான் வித்தியாசம். "மெயில் பாத்தீங்களா", கேள்வி. "மெயில் பாக்கவே இல்லையா", குத்தச்சாட்டு. "இது நீங்க அனுப்பின ஃபைல்", "இது நீங்கதானே அனுப்பினீங்க". "இது தெரியாதா", "இதுகூடவா தெரியாது". ஏ, தான், கூட இந்த மூணும் கோவத்துல தானா வந்து ஒட்டிக்கும். நான் யாருக்காவது எரிச்சல்ல எழுதினா அனுப்பறதுக்கு முன்னாடி இந்த மூணையும் மட்டும் தேடி எடுத்துடுவேன், வேற எதையும் மாத்த மாட்டேன். சொல்ல வந்த விஷயம் அப்படியே இருக்கும், சண்டை மட்டும் போயிடும்.

அதே மாதிரி "ஏன்". "ஏன் இன்னும் ரிவ்யூ பண்ணல"ன்னு கேட்டா ஒரு காரணம் வரும், காரணத்த வெச்சு நாம என்ன பண்றது? "ரிவ்யூ முடிய என்ன வேணும், எப்போ முடியும்"னு கேட்டா ஒரு தேதி வரும். எனக்கு தேதிதானே வேணும்.

நீங்க இப்போ ஜூனியர், ஆனா சீக்கிரமே லீட் ஆவீங்க, அதுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். மேல போகப்போக நீங்க சும்மா சொல்றது கூட உத்தரவு ஆயிடும். "இத வேற மாதிரி பண்ணா எப்படி இருக்கும்"னு வாய்விட்டு யோசிச்சீங்கன்னா, ரெண்டு பேர் ராத்திரி உக்காந்து மாத்தி வெச்சிருப்பாங்க. அதனால "இது சும்மா யோசனைதான், யாரும் எதுவும் செய்ய வேண்டாம்"னு சேர்த்து சொல்லணும். ஜோக்குக்கும் இதே கதிதான். பிரிட்டன்ல ஜெரால்ட் ராட்னர்னு நகைக்கடை செயின் நடத்தினவர், 1991 ஏப்ரல்ல தொழிலதிபர்கள் கூட்டத்துல பேசும்போது, தன் கடைல விக்கற ஒரு பொருள் எப்படி இவ்ளோ சீப்பா கிடைக்குதுன்னா அது சுத்த குப்பைங்கறதாலதான்னு ஜோக் அடிச்சாரு. அதே ஜோக்க முன்னாடியும் சொல்லி சிரிக்க வெச்சவர்தான். இந்த தடவ பேப்பர்ல வந்துச்சு, வாங்கினவங்க எல்லாம் நம்மள முட்டாள்னு சொல்றானான்னு கடுப்பாயிட்டாங்க, கம்பெனி மதிப்புல ஏறக்குறைய 50 கோடி பவுண்ட் போச்சு, அடுத்த வருஷம் அவரும் வெளிய போனாரு. அந்த ரூம்ல இருந்தவங்களுக்கு ஜோக், ரூமுக்கு வெளிய இருந்தவங்களுக்கு அவமானம். இன்னைக்கு எல்லா கால்லயும் ரெகார்டிங் ஓடுது, ரூமுக்கு வெளியன்னு ஒரு ஆள் எப்பவும் இருக்காரு.

இவ்ளோ சொன்னதுக்கப்புறம், உங்கள மாதிரி ஆளுங்க எந்த பக்கம் சாய்வாங்கன்னு எனக்கு தெரியும், சரி வாயே திறக்கறதில்லன்னு முடிவு பண்ணிடுவீங்க. அத மட்டும் பண்ணாதீங்க. நான் அவசரமா பேசி கெடுத்தத விட, பக்குவமா எப்படி சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்து சொல்லாம விட்டு கெடுத்தது பெருசு. டெனரீஃப்ல இன்னொரு விஷயம் நடந்துச்சு. கேஎல்எம் விமானம் ஓட ஆரம்பிச்ச பிறகு பின்னாடி உக்காந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்கு சந்தேகம் வந்துடுச்சு, அந்த பான் ஆம் இன்னும் ரன்வேய விட்டு போகலையோன்னு கேட்டாரு. கேப்டன் அழுத்தமா போயிடுச்சுன்னாரு. அந்த கேப்டன் அந்த கம்பெனிலயே பெரிய தலை, விமானிகளுக்கு பயிற்சி கொடுக்கறவர். இன்ஜினியர் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. அவருக்கு வந்த சந்தேகம் சரி. ஆனா கேள்வியா கேட்டதால ஒரு ஆமால அது முடிஞ்சு போச்சு. "நிறுத்துங்க, ரன்வே காலி ஆனது உறுதி ஆகல"ன்னு சொல்லியிருந்தா கேப்டன் அத ஆமான்னு தாண்டி போயிருக்க முடியாது.

அதனால ஆபத்து தெரிஞ்சா அழகா சொல்ல காத்திருக்காதீங்க. "எனக்கு இது சரியா படல, ஏன்னு இன்னும் தெளிவா சொல்ல வரல, ஆனா இத பாக்காம மேல போகக்கூடாது", இவ்ளோ அரைகுறையா சொன்னாலும் போதும். சுருக்கமா சொன்னா, வாக்கு கொடுக்கறதுலயும் அடுத்தவர பத்தி பேசறதுலயும் மெதுவா போங்க, ஆபத்த சொல்றதுல வேகமா போங்க. நம்மள்ல நெறைய பேருக்கு இது தலைகீழா இருக்கு.

மீட்டிங் நடத்தறவங்க யாராவது இத படிச்சா அவங்களுக்கும் ஒரு வரி. கேள்வி கேட்டுட்டு மூணு செகண்ட் சும்மா இருங்க. 1970கள்ல மேரி பட் ரோங்கற ஆய்வாளர் வகுப்புல அளந்து பாத்தாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு ஒரு செகண்ட் கூட பொறுக்காம அடுத்ததுக்கு போயிடறாங்கன்னு. அத மூணு செகண்ட் ஆக்கினதும் பதில் நீளமாச்சு, தெரியாதுங்கறது குறைஞ்சுது, வழக்கமா பேசாத பிள்ளைங்க பேச ஆரம்பிச்சாங்க. கால்ல மூணு செகண்ட் மௌனம் ஒரு யுகம் மாதிரி இருக்கும், பல்ல கடிச்சுக்கிட்டு இருங்க.

சரி, எல்லாம் பண்ணியும் வாய் நழுவிடும். அப்போ என்ன? அங்கயே, அதே கால்ல, அதே மூச்சுல திருத்துங்க. "ஒரு நிமிஷம், நான் இப்போ புதன்கிழமைன்னு சொன்னது செக் பண்ணாம சொன்னது, அத வாபஸ் வாங்கறேன், சாயங்காலம் சரியான தேதி சொல்றேன்". என் வியாழக்கிழமை கதைல ம்யூட்ட எடுத்துட்டு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்ளோதான், பத்து செகண்ட், கொஞ்சம் வெக்கம். அந்த பத்து செகண்ட் வெக்கத்துக்கு பயந்துதான் அந்த பொண்ணோட ரெண்டு நாள் போச்சு. ஒருத்தர் மனச காயப்படுத்தற மாதிரி சொல்லிட்டீங்கன்னாலும் அதேதான், எல்லார் முன்னாடி சொன்னத எல்லார் முன்னாடியே திருத்துங்க, தனியா கூப்பிட்டு சாரி கேட்டா பாதி கணக்குதான் தீரும்.

கடைசியா உங்க மேனேஜர் விஷயம். "யோசிச்சு பேசுங்க"ன்னு ரெண்டு வருஷமா சொல்றாரு, ஆனா அத கேட்டு நீங்க என்ன செய்யணும்ங்கறது அவர் வாக்கியத்துல இல்ல பாருங்க, அவரும் நம்மள மாதிரிதான். அவர் மனசுல இருக்கறது நீங்க டீம்ம கேக்காம தேதி கொடுக்கறதா இருக்கலாம், க்ளையன்ட் முன்னாடி அவர மறுத்து பேசினதா இருக்கலாம், ரெண்டு நிமிஷத்துல சொல்ல வேண்டியத பத்து நிமிஷம் இழுக்கறதா கூட இருக்கலாம், மூணுக்கும் மருந்து வேற. அதனால இந்த வாரம் ஒரு பத்து நிமிஷம் டைம் கேட்டு போய், "கடைசி மூணு மாசத்துல எந்த மீட்டிங்ல, நான் சொன்ன எந்த வாக்கியம்னு ரெண்டு உதாரணம் சொல்ல முடியுமா, அதுக்கு பதிலா என்ன சொல்லியிருக்கணும்னு எதிர்பார்த்தீங்க"ன்னு கேளுங்க. கேட்டுட்டு அவர் யோசிக்க டைம் எடுத்துக்கிட்டா நடுவுல பேசாதீங்க. ரெண்டு நாள் கழிச்சு சொல்றேன்னாருன்னா எந்த நாள், எத்தன மணின்னு கேட்டு வாங்கிக்கோங்க.